எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கம்: ஆறு ஆண்டு அனுபவம்

இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு, ஆறு ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றி வருகிறேன்.

இதன் பெரிய பலம் பரிசோதனைதான். கேனைத் திறந்து பாலைக் கலக்கி, சிறு குப்பியில் மாதிரி எடுத்துக் கருவியில் வைத்தால், கொழுப்பும் இதர சத்தும் திரையில் தெரிகின்றன. அதற்கேற்ற விலையுடன் சீட்டு அப்போதே கைக்கு வந்துவிடுகிறது. முன்பு வீட்டு வாசலுக்கு வந்த வியாபாரி படியால் அளந்து, தாம் சொன்னதே விலை என்றிருந்த காலத்தை நினைத்தால், இந்தச் சீட்டின் மதிப்பு நன்றாகவே புரிகிறது. நெல்லில் பணம் அறுவடைக்கு அறுவடைதான் வரும். பால் பணமோ ஆண்டு முழுவதும் வந்து, மளிகைக் கடனையும் பள்ளிக் கட்டணத்தையும் தீர்க்கிறது. 1946-இல் குஜராத்தின் கைரா மாவட்டத்தில் தொடங்கி, 1970-க்குப் பின் வெண்மைப் புரட்சியால் நாடெங்கும் பரவிய இந்தக் கூட்டுறவு முறை, 1998-இல் அமெரிக்காவை முந்தி இந்தியா பால் உற்பத்தியில் முதலிடம் பெறப் பெரிதும் உதவியது. அதில் எங்களைப் போன்ற இரண்டு மாட்டுக்காரர்களின் பங்கே அதிகம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

குறையும் உண்டு. சென்ற கோடையில் பட்டுவாடா மூன்று வாரம் தள்ளிப்போனதால், தவிட்டையும் புண்ணாக்கையும் கடனுக்கு வாங்க நேர்ந்தது. கலப்புத் தீவன மூட்டையும் கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை. மாட்டைச் செயற்கை முறையில் கருவுறச் செய்யும் சினை ஊசிக்கு மட்டும், சொல்லி அனுப்பிய அன்றே ஆள் வந்துவிடுகிறார்.

புதிதாகச் சேர்வோர் காலை ஆறரைக்குள் கேனுடன் வந்துவிடுவது நல்லது. பிறகு வரிசை நீண்டுவிடும்.