"திக்கா போட்டா டபுளா உழைக்கும்": பேண்ட்சா பிளேடு வாங்குறவங்க கவனத்துக்கு

சின்ன ஃபேப்ரிகேஷன் ஷாப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த பிளேடு வாங்குங்கள். எனக்குத் தப்பான தடிமனில் பிளேடு விற்ற கடை கோவையில்தான் இருக்கிறது. பெயர் போடப்போவதில்லை, இதே சரக்கு இன்னும் பல கடைகளின் ரேக்கில் தூங்கலாம்.

நம்ம மிஷின் சாதாரண 4×6 இன்ச் பேண்ட்சா, அதாவது வளையமான பட்டை பிளேடு இரண்டு வீலில் சுற்றி இரும்பு அறுக்கும் ரம்பம். கேட், கிரில் வேலைக்கு ஸ்கொயர் டியூப், ஆங்கிள் வெட்டுவதோடு சரி. பிளேடு நீளம் 1638 மிமீ, அகலம் 13, தடிமன் 0.65. பழைய பிளேடைக் கையில் கொடுத்து, "இதே மாதிரி ரெண்டு" என்று சொல்லித்தான் பையனை அனுப்பினேன். வந்தது 0.9. கூடவே ஒரு சேதி: "அண்ணாகிட்ட சொல்லு, இது ஹெவி டியூட்டி, டபுளா உழைக்கும்." விலையும் ஹெவிதான்.

மாட்டும்போதே தகராறு. சைடு கைடு பேரிங்குக்குள் பிளேடு நுழையவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டால், "பேரிங்கைக் கொஞ்சம் லூஸ் பண்ணிக்குங்கண்ணா, புது பிளேடு அப்படித்தான் இருக்கும்" என்கிறார். டெலிவரி நெருக்கடி. மாட்டி ஓட்டினோம். முதல் கட்டே சாய்ந்தது. டென்ஷன் திருகை முழுக்க இறுக்கியும் நேராகவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் பிளேடு படாரென்று அறுந்தது.

அறுந்தது வெல்டில் (பிளேடின் இரு முனையையும் வளையமாக ஒட்டிய இடம்) இல்லை. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பல்லுக்குப் பல் நடுவே இருக்கும் குழியிலிருந்து முதுகுப் பக்கமாக முடி போல விரிசல்கள், அங்கங்கே. ஃபீடு கண்டபடி கொடுத்தாலும் இப்படி வரும்தான். ஆனால் அதே மிஷின், அதே ஆள், அதே டியூப், 0.65-இல் இதை நான் பார்த்ததே இல்லை.

காரணம் எளிது. என் மிஷின் வீல் விட்டம் ஏறக்குறைய 187 மிமீ. பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வீலிலும் வளைந்து நிமிர வேண்டும். நிமிடத்துக்கு 36 மீட்டர் வேகத்தில் ஓடினால், ஒரு மணி நேரத்தில் ஒரே இடம் 2,600 தடவைக்கு மேல் வளைகிறது. வளையும்போது மேல்பரப்பு இழுபடும் அளவு தடிமனுக்கு நேர் விகிதம். 0.65-ஐ 0.9 ஆக்கினால் அந்த இழுவிசை கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடும். ஆயுள் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கி உடைப்போமே, அதே கதைதான். உண்மையில் இந்த வீலுக்கு 0.5 இன்னும் பொருத்தம். கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 0.65 என்பதால் அதை ஓட்டுகிறோம்.

கட் சாய்ந்ததற்கும் தடிமன்தான் காரணம். தடித்த பிளேடை அதே அளவு விறைப்பாக நிறுத்த அதிக இழுவை வேண்டும். அதைக் கொடுக்கிற திருகோ, தாங்குகிற பாடியோ சின்ன மிஷினில் கிடையாது.

13×0.9 போலி சரக்கு இல்லை. நல்ல பைமெட்டல்தான் (இரண்டு வகை உலோகம் சேர்த்துச் செய்த பிளேடு). ஆனால் அது பெரிய வீல் உள்ள வெர்ட்டிகல் மிஷினில் வளைவு வெட்டுவதற்கானது. விற்காமல் கிடந்த பிளேடு காயிலை (சுருளை) 1638-க்கு வெட்டி ஒட்டி, "ஹெவி டியூட்டி" என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

நேரில் போய்க் கேட்டபோது நடந்ததுதான் உச்சம். என் பழைய பிளேடை வாங்கி, வெர்னியரைப் பல் மேல் வைத்து, "பாருங்கண்ணா, இதுவும் 0.9-க்கு மேலதான் காட்டுது" என்றார். பல் இடமும் வலமும் விரித்து வைக்கப்பட்டிருக்கும். அங்கே அளந்தால் 0.65 பிளேடும் அப்படித்தான் காட்டும். முதுகுப் பக்கம் வைத்து அளக்கச் சொன்னேன். உடனே பேச்சு மாறிவிட்டது. கூலண்ட் ஊற்றுகிறீர்களா, 14 டிபிஐ (ஓர் இன்ச்சுக்கு 14 பல்) போதுமா, ஆளுக்கு ஓட்டத் தெரியுமா என்று வரிசையாகக் கேள்வி. பணம் திரும்பாது, வெல்டு விட்டால் மட்டும் ஃப்ரீயாக ஒட்டித் தருவாராம். மாட்டாத இரண்டாவது பிளேடையும் எடுக்கவில்லை: "அளவுக்கு வெட்டுனது, யாருக்குங்கண்ணா விக்கறது?"

பில்லைப் பார்த்தேன். "பைமெட்டல் பிளேடு 13 மிமீ – 2" என்று மட்டும் இருக்கிறது. தடிமன் இல்லை, டிபிஐ இல்லை. இதை வைத்து யாரிடமும் சண்டை போட முடியாது. அதனால் வாங்கும்போதே 1638 × 13 × 0.65, எத்தனை டிபிஐ என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். பையனை அனுப்பினால் கையில் மைக்ரோமீட்டர் கொடுத்து அனுப்புங்கள். பல்லைத் தொடாமல், பிளேடின் உடம்பில் அளக்க வேண்டும். "பெரிய மிஷின்ல எல்லாம் 0.9 தாங்க" என்பார்கள். உண்மைதான், 27 மிமீ பிளேடு 0.9-இல்தான் வரும். அந்த மிஷினின் வீல் என்ன சைஸ் என்று அவரிடமே திருப்பிக் கேளுங்கள்.