பினாங்கு ஈரத்தில் புரூக்ஸ் பி17 தோல் சீட்

நான்கு வருடமாக என் சைக்கிளில் இருப்பது புரூக்ஸ் நிறுவனத்தின் பி17 தோல் சீட். ஞாயிறு காலையில் தெலுக் பகாங் அணைக்கட்டைத் தாண்டி, தீத்தி கெராவாங் மேடேறி, பாலிக் புலாவில் இறங்குவது என் வழக்கம். முன்பு இருந்த பஞ்சு சீட்டில் மேடு முடிவதற்குள் தொடை மரத்துவிடும். இப்போது பாலிக் புலாவில் லக்சா சாப்பிட்டுவிட்டு, பாயான் லெப்பாஸ் வழியாக வலியில்லாமல் வீடு வந்து சேர்கிறேன்.

முதல் நாள் பலகைமேல் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கனமான மாட்டுத்தோல், அடியில் பஞ்சு கிடையாது. இரும்புச் சட்டத்தில் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய தூளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் பொறுத்தேன். அப்புறம் இடுப்பெலும்பு படும் இடங்களில் ஆழமில்லாத இரண்டு குழிகள் விழுந்தன. தேன் நிறத் தோல் அங்கே மட்டும் கறுத்துப் பளபளக்கிறது. அந்தக் குழி எனக்கு மட்டுமே பொருந்தும்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள். மாடிப்படியில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு, முழங்காலைச் சற்றுத் தூக்கி உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் பதியும். அவற்றுக்கு இடையிலுள்ள தூரம்தான் கணக்கு; சீட் அதைவிட அகலமாக இருக்கவேண்டும். பி17 சுமார் 17 சென்டிமீட்டர் அகலம்; கொஞ்சம் குனிந்து ஓட்டுபவர்களுக்கு ஏற்றது. என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து சந்தைக்குப் போகிறவர். அவருக்கு ஸ்பிரிங் வைத்த, சுமார் 21 சென்டிமீட்டர் அகலமுள்ள பி67 வாங்கினோம்.

பராமரிப்பில்தான் நான் தவறு செய்தேன். தோலுக்குப் பூசும் புரூஃபைட் மெழுகை அள்ளிப் பூசி, மழையில் நனைந்த சீட்டைப் பிளாஸ்டிக் பையால் மூடி, இரண்டு வாரம் ஸ்டோரில் விட்டுவிட்டேன். பையை அவிழ்த்தால் அடித்தோல் முழுக்க வெண்பச்சைப் பூசணம். துடைத்துக் காற்றாடியில் உலர்த்திக் காப்பாற்றினேன், கறை போகவில்லை. இந்த ஊரில் தோலுக்கு எண்ணெயைவிடக் காற்று முக்கியம். புது சீட் என்றால் அடிப்பக்கத்திலும் ஒருமுறை பூசுங்கள். பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, மெல்லிசாக, இரவு முழுக்க ஊறவிட்டுத் துடைத்தால் போதும். பின்சக்கரத்துக்கு மட்கார்டு கட்டாயம், ஏனென்றால் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக அடித்தோலில்தான் படும். பையை மழையில் மட்டும் மாட்டுங்கள், வீடு வந்ததும் கழற்றிவிடுங்கள். நனைந்த தோலில் உட்கார்ந்தால் அது இழுபட்டுத் தொங்கிவிடும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும்.

சீட்டின் மூக்குக்கு அடியில் உள்ள, தோலை இறுக்கும் நட்டை அவசரப்பட்டு முறுக்காதீர்கள். தோல் தொய்ந்தால் மட்டும் கால் சுற்று. நான் இதுவரை இரண்டே முறைதான் திருப்பியிருக்கிறேன்.

மாட்டுத்தோல் என்பதால் சாமி அறைப் பக்கம் சைக்கிளை வைக்க அம்மா விடமாட்டார். புரூஃபைட்டிலும் விலங்குக் கொழுப்பு உண்டு. மனம் ஒப்பாதவர்களுக்கு புரூக்ஸ் நிறுவனத்தின் கேம்பியம் சீட் இருக்கிறது. இயற்கை ரப்பரில் செய்தது, மழைக்கு அஞ்சாது. தாத்தா பால்மரம் சீவியவர் என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பாசம். நண்பரிடம் வாங்கி ஒரு வாரம் ஓட்டினேன். முதல் நாளே இதமாக இருந்தது, ஆனால் தோலைப் போல நம் உடம்புக்கேற்றபடி குழி விழாது.