ஜாவாவில் மாறாத பட்டியலுக்கு லிஸ்ட்.ஆஃபா (List.of), எனமா (enum)?

சிங்கப்பூர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) பாதைகளின் பெயர்கள் எங்கள் பயணச் செயலியில் ஒரு ஸ்டாட்டிக் ஃபைனல் அரேயாக (static final array, மதிப்புகளின் வரிசை) இருந்தன. நிறங்கள் பக்கத்திலேயே இன்னொரு அரேயில், அதே வரிசையில். புதிதாக எழுதிய ஒரு திரை, பெயர்களை அகர வரிசையில் காட்ட அதே அரேயை சார்ட் (sort) செய்துவிட்டது. உடனே எல்லாத் திரைகளிலும் வட்டப் பாதை சிவப்பாகவும், கிழக்கு-மேற்குப் பாதை ஊதாவாகவும் மாறின. தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் மட்டும் கடைசி இடத்திலேயே நின்றதால் பழுப்பு நிறத்தோடு தப்பியது.

ஜாவாவில் ஃபைனல் என்றால் அந்தப் பெயர் வேறொரு அரேயைச் சுட்ட முடியாது, அவ்வளவுதான். உள்ளே இருப்பதை யாரும் மாற்றலாம். அதனால் ஃபைனல் அரே போட்டியிலேயே இல்லை. கலெக்‌ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்ட்டும் ஒரு பட்டியலைத் தன் வழியாக மாற்றவிடாத மேலுறை மாதிரிதான். மூலப் பட்டியலை மாற்றினால் இதிலும் தெரியும்.

ஜாவா 9-இல் வந்த லிஸ்ட்.ஆஃப் நல்ல தேர்வு. அதை சார்ட் செய்யப் போனால் எக்ஸெப்ஷன் (பிழை) விழும். ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். வெறும் பெயர்கள் மட்டும் போதுமென்றால் நானும் அதைத்தான் எழுதுவேன்.

ஆனால் எங்கள் பாதைகளுக்கு எனத்தை, அதாவது மதிப்புகள் எல்லாவற்றையும் நிரலிலேயே பெயரிட்டு வைக்கும் வகையை, தேர்ந்தெடுத்தேன். பெயரும் நிறமும் ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும். பாதைகளைப் பட்டியலிடும் வேல்யூஸ் மெத்தட் ஒவ்வொரு முறையும் புது அரேயைத் தருவதால், யார் எப்படி சார்ட் செய்தாலும் மூலம் கலையாது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. பட்டியல் மாறாதது என்றாலும் ஊர் மாறுகிறதே! தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட்டின் முதல் கட்டம் 2020-இல் திறந்தது, அடுத்து ஜூரோங் வட்டாரப் பாதையின் கட்டுமானம் நடக்கிறது. அதை எனத்தில் ஒரு வரியாகச் சேர்த்துப் பார்த்தேன். டிஃபால்ட் (மற்ற எல்லாவற்றுக்குமான பொதுக் கிளை) இல்லாத ஸ்விட்ச் எக்ஸ்பிரஷன்கள் (மதிப்புக்கு ஏற்ப விடையைத் தேர்பவை) இருந்த நான்கு இடங்களிலும், புதிய பாதைக்கு விடை இல்லை என்று கம்பைலர் நிறுத்தியது. அதில் ஒன்று, சேவைத் தடை அறிவிப்பை அனுப்பும் பகுதி. அது என் நினைவிலேயே இல்லை. லிஸ்ட்.ஆஃப் என்றால் இந்தத் தகவல் பயணிகளிடமிருந்துதான் வந்திருக்கும். டிஃபால்ட் எழுதிவிட்டால் எனத்திலும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஸ்விட்ச் எக்ஸ்பிரஷன் ஜாவா 14-இல்தான் நிலைபெற்றது என்பதால் பழைய ஜாவாவில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

ஒரு எச்சரிக்கை: எனத்தில் ஒரு மதிப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று காட்டும் ஆர்டினல் எண்ணை டேட்டாபேஸில் சேமிக்காதீர்கள். நடுவில் ஒரு பாதையைச் செருகினால் அதற்குப் பின்னுள்ள பாதைகளின் பழைய பதிவுகள் எல்லாம் இடம் மாறிவிடும். பெயரையோ தனிக் குறியீட்டையோ சேமியுங்கள்.

நான் பராமரித்த எனங்கள் எல்லாம் பத்துப் பதினைந்து மதிப்புகளுக்குள் அடங்கியவை. நிலையங்கள் மாதிரி நூற்றைத் தாண்டும் பட்டியலுக்கு இதையே உறுதியாகச் சொல்ல மாட்டேன். எங்கள் நிலையங்கள் இன்னும் டேட்டாபேஸ் டேபிளில்தான் இருக்கின்றன.