பைபர் படகில் எல்இடி விளக்கு: மூன்று வருட இரவுத் தொழிலுக்குப் பிறகு

28 அடி பைபர் படகில் 12 வோல்ட் எல்இடி விளக்குகள் மாட்டி மூன்று வருடம் ஓடிவிட்டது. விளக்கு ஒன்றும் பழுதாகவில்லை. இருட்டாக்கியது எல்லாம் வயர் இணைப்புதான்.

பழைய பல்பு ஒன்றுக்கு 10 வாட். மூன்று எரிந்தால் 2.5 ஆம்பியர் இழுத்து, 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியை மூன்று மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். எல்இடி தலா 2 வாட், மொத்தம் அரை ஆம்பியர்தான். பத்து மணி நேரத்துக்கு 5 ஏஎச். பாதிக்குமேல் இறக்கினால் பேட்டரி ஆயுள் குறையும் என்பதால் 12 ஏஎச் போடுவது நல்லது.

சாதா செம்பு வயர் வேண்டவே வேண்டாம். வெளியே புதுசுபோலத் தெரியும். முனையில் இரண்டு அங்குலம் உறையைச் சீவினால் உள்ளே இழைகள் கறுத்து, விரலில் நெருடினால் பொடியாக உதிரும். வெள்ளீயம் பூசிய 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் வாங்குங்கள். முறுக்கி டேப் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கும். உலோக முனைக்குள் வயரை வைத்து நசுக்கி (கிரிம்ப்), சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். இணைப்புக்கு முன் வயரைக் கீழே தொங்கவிட்டு ஏற்றினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பேட்டரி பக்கத்தில் 3 ஆம்பியர் பியூஸ் கட்டாயம்.

அணியத்தில் (படகின் முன்முனையில்) இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. நடுவில் கறுப்புத் தடுப்பு. நேர் எதிரே வருபவருக்கு மட்டும்தான் இரண்டும் சேர்ந்து தெரியணும். சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு அவற்றைவிட 1 மீட்டராவது உயரத்தில், எஞ்சின் பக்கம் நிற்பவர் தலைக்கும் மேலே இருக்கணும். இல்லாவிட்டால் பின்னால் வரும் விசைப்படகுக்கு அந்த ஆள்தான் திரை.

செவுள் வலை (மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் வலை) விட்டபின் கம்பத்தில் சிவப்பு மேலே, வெள்ளை கீழே, 1 மீட்டர் இடைவெளியில் எரியணும். வலை 150 மீட்டருக்குமேல் நீண்டால் அது கிடக்கும் திசையில் இன்னொரு வெள்ளை. இதற்குப் பதிலாகப் பலர் பிளட் லைட்டை (பரந்து வீசும் பெரிய விளக்கை) போட்டுவிடுகிறார்கள். ஆபத்து! அந்த வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையும் மூழ்கிவிடும். படகு எந்தப் பக்கம் போகிறது என்று எதிரில் வருபவருக்குப் புரியாது. பிளட் லைட்டை வலை இழுக்கும்போது மட்டும், மேலே மறைப்பு வைத்துக் கீழ்நோக்கி எரியவிடுங்கள். உள்ளே மங்கலான சிவப்பு விளக்கு போதும். கண் இருட்டுக்குப் பழக அரைமணி ஆகும், செல்போன் வெளிச்சம் அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும்.

மலிவான எல்இடியில் உள்ள சர்க்யூட், படகில் பேசும் விஎச்எஃப் ரேடியோ சிக்னல் வாங்கும் திறனைக் கெடுக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் இதைப்பற்றி எச்சரித்தது. சோதிப்பது சுலபம்: ஆள் பேசாத சேனலில் ஸ்குவெல்ச்சை (ரேடியோவில் இரைச்சலை அடக்கும் திருகை) இரைச்சல் அடங்கும் இடம்வரை திருப்பி, விளக்கைப் போடுங்கள். இரைச்சல் எழுந்தால் அந்த விளக்கை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் வரும் கப்பலின் அழைப்பு காதில் விழாமல் போகும்.

விளக்கின் பிளாஸ்டிக் மூடியில் உறையும் உப்பை நல்ல தண்ணீரில்தான் துடைக்கணும். பெட்ரோல், தின்னர் பட்டால் பிளாஸ்டிக்கில் மயிர்க்கோடு விழும். கிளம்புமுன் ஒருவர் கரையில் நூறு அடி தள்ளி நின்று முன்னால், இருபக்கம், பின்னால் என நான்கு கோணத்திலும் பார்த்துவிட்டு ஏறட்டும்.