பேட் சிவந்தால் மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள்

என் சிவப்பு காருக்கு 12 வயது. எங்கள் அபார்ட்மெண்டில் மூடிய பார்க்கிங் கிடையாது, சென்னை வெயில் முழுக்க அதன் தலையில்தான். கூரையும் பானெட்டும் வெளுத்து, தேமல் மாதிரி திட்டுத்திட்டாகிவிட்டன.

வேளச்சேரி பக்கம் ஒரு டீடெய்லிங் கடை, அதாவது காரைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தரும் கடை. பெயர் வேண்டாம். "பெயிண்ட் எதுக்கு சார்? பஃப்பிங் போட்டு செராமிக் கோட்டிங் பண்ணிடலாம். 9எச், அஞ்சு வருஷம் கேரண்டி" என்றார்கள். பஃப்பிங் என்றால் மெஷினால் தேய்த்து மெருகேற்றுவது, செராமிக் கோட்டிங் என்றால் அதன்மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு. 16,000 ரூபாய். 9எச் என்பது பூச்சு எவ்வளவு கெட்டி என்று பென்சிலால் கீறிப் பார்க்கும் அளவாம். நான் ஏதோ வைரத்துக்குப் பக்கத்து வீடு என்று நினைத்துவிட்டேன்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்றேன். மெஷினில் இருந்த வெள்ளை ஃபோம் பேட், குங்குமத்தில் தோய்த்த மாதிரி சிவந்துகொண்டே வந்தது. என்ன தம்பி இது என்றேன். "அழுக்கு சார், 12 வருஷ அழுக்கு." சரி என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

அது அழுக்கில்லை, பெயிண்ட். இப்போதைய கார்கள் பெரும்பாலானவற்றில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத அடுக்கு ஒன்று உண்டு. சுமார் 40 மைக்ரான்தான், தலைமுடித் தடிமன்கூடத் தேறாது. பளபளப்பு அதில்தான் இருக்கிறது. பஃப்பிங் அதைத்தான் லேசாகத் தேய்த்துச் சமப்படுத்துகிறது. அந்த அடுக்கு இருக்கும்வரை பேடில் கார் நிறம் ஒட்டாது. என் பானெட்டில் அது எப்போதோ போய்விட்டது. பையன் தேய்த்தது வெறும் நிறத்தை.

சாயங்காலம் கடை விளக்கில் கார் மின்னியது. மூன்று வாரம், நான்கு வாஷ். தேமல் திரும்பி வந்தது, பானெட் விளிம்பில் நிறத்துக்கு அடியில் இருக்கும் சாம்பல் நிற ப்ரைமரும் எட்டிப்பார்த்தது. போய்க் கேட்டால், "வெளியில வாட்டர் வாஷ் பண்ணிட்டீங்களே, கேரண்டி போச்சு" என்று கார்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்கள்.

தெரிந்த பெயிண்டர் ஒருவரிடம் காட்டினேன். இன்னும் கொஞ்சம் மினுங்கிக்கொண்டிருந்த கதவை ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தார். ஒளிந்திருந்த சுழல் கீறல்கள் அத்தனையும் வெளியே வந்தன. "கீறலை நிரப்புற கிளேஸ் தடவி மறைச்சிருக்காங்க சார். கூரையும் பானெட்டும் தேய்ச்செடுத்துப் புதுசா அடிக்கணும், வேற வழியில்லை."

வண்டி கொடுக்கும் முன் பானெட்டில் ஓரடி மட்டும் செய்துகாட்டச் சொல்லுங்கள். அங்கே ஐபிஏ போட்டுத் துடைத்து, காரை வெயிலுக்கு எடுத்துவந்து பாருங்கள். மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.