ஐஸ்பழமா, ஐஸ்கிறீமா?
முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்குப் போனால் இரண்டும் கிடைக்கும். ஐஸ்பழம் என்றால் தண்ணீர், சீனி, சாயம், ஒரு குச்சி, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஃபிராங்க் எப்பர்சன் இதற்குக் காப்புரிமை பெற்றது 1924இல். ஐஸ்கிறீம் அதைவிட மூத்தது. கையால் சுற்றும் இயந்திரத்துக்கு நான்சி ஜோன்சன் 1843இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வெளி வாளியில் ஐஸும் உப்பும், உள்ளே பால் கலவை. உப்புப் பட்ட ஐஸ் பூச்சியத்துக்கும் கீழே குளிரும். சுற்றச் சுற்றக் காற்று ஏறும், பனிப் படிகம் பெரிதாகாது, அதனால்தான் அந்த வழுவழுப்பு.

ருசிக்கு ஐஸ்கிறீம்தான், சரி. ஆனால் வைகாசி வெயிலில் தொண்டை காய்ந்தால் என் கை ஐஸ்பழப் பெட்டிக்குத்தான் போகும். உறிஞ்ச உறிஞ்சச் சாயம் இறங்கி வெள்ளைக் கட்டி மிஞ்சும், நாக்குச் சிவக்கும் (வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் கவனம்!). பல்லுக் கூசுகிற அம்மம்மாவுக்கு மட்டும் ஐஸ்கிறீம் வாங்குங்கள்.