வேற்றுகிரகவாசியை எங்கே குடிவைப்பது? மூன்று படங்கள்

வேற்றுகிரகவாசிகள் வரும் படங்களில் பெரும்பாலானவை அவர்களைச் சுட்டுத் தள்ளத்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. வந்தவர்களை ஊருக்குள் குடிவைத்துவிட்டு, ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிற படங்கள் குறைவு. அவற்றில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஜான் செய்ல்ஸ் இயக்கிய ‘தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்’ (1984), ‘ஏலியன் நேஷன்’ (1988), நீல் புளோம்காம்ப் இயக்கிய ‘டிஸ்ட்ரிக்ட் 9’ (2009). மூன்றும் பேசுவது இனவெறியைத்தான். பார்க்கிறவருக்கு எது உறைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அதிகம் பேர் பார்த்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’-இலிருந்தே ஆரம்பிக்கலாம். 1982-இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு மேலே ஒரு கப்பல் வந்து நின்றுவிடுகிறது. உள்ளே பட்டினியில் வாடும் ஒரு கூட்டம். கீழே இறக்கி முகாம் அமைத்துக் கொடுக்கிறார்கள். நாளடைவில் அந்த முகாம் வேலிக்குள் அடைபட்ட குடிசைப் பகுதியாகிறது. ‘இறால்’ என்பது ஊர் அவர்களுக்கு வைத்த வசைப்பெயர். படத்தின் தலைப்பைக் கேட்டதுமே தென்னாப்பிரிக்கர்களுக்குக் கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் நினைவுக்கு வரும். 1966-இல் அதை வெள்ளையருக்கு மட்டுமான பகுதி என்று அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். டர்பனில் கேட்டோ மேனரிலிருந்து தமிழர்கள் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினரைக் கிளப்பியதும், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த அதே சட்டம்தான்.

இந்தப் படத்தின் உச்சம் முதல் அரைமணி நேரம். முகாமைக் காலி செய்யவைக்கும் பொறுப்பை ஏற்ற தனியார் நிறுவனத்தின் அதிகாரி விக்கஸ், அட்டையில் நோட்டீஸைச் செருகிக்கொண்டு குடிசை குடிசையாகப் போகிறான். காலி செய்யச் சம்மதம் என்று கையெழுத்து வாங்க வேண்டும். முகத்தில் சிரிப்பு, பேச்சில் மரியாதை. ஒரு குடிசைக்குள் முட்டைகள் அடுக்கி வளர்க்கப்படுவதைப் பார்த்ததும் தீ வைக்கச் சொல்கிறான். முட்டைகள் வெடிக்கும் சத்தம் பாப்கார்ன் பொரிவது மாதிரி இருக்கிறது என்று கேமராவைப் பார்த்து உற்சாகமாக விளக்குகிறான். வில்லத்தனமே இல்லாமல், அன்றாட ஆபீஸ் வேலையாக அந்தக் கொடுமை நடக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிற இடம் அது.

அப்புறம் படம் தடம் மாறுகிறது. விக்கஸின் கையே வேற்றுகிரகக் கையாக மாற, அவனுடைய நிறுவனமே அவனை ஆய்வுப் பொருளாக்கிவிடுகிறது. யோசனை நல்லதுதான். ஆனால் நம் இரக்கம் முழுக்க அவன் பக்கம் போய்விடுகிறது. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. படத்தில் வரும் நைஜீரியர்கள் ஆயுதம் விற்கிற, வேற்றுகிரகவாசிகளின் சதையைத் தின்கிற கும்பலாக மட்டுமே காட்டப்படுகிறார்கள். அந்தக் கும்பல் தலைவனின் பெயரும் முன்னாள் அதிபர் ஒபசாஞ்சோவின் பெயரைப் போலவே ஒலிக்கிறது. நைஜீரிய அரசு கொதித்ததும், தியேட்டர்களில் படத்தை நிறுத்தச் சொன்னதும் இதற்காகத்தான். 2008 மே மாதம் தென்னாப்பிரிக்காவில் பிற ஆப்பிரிக்க நாட்டவர்கள் மீது நடந்த தாக்குதல்களில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு அடுத்த வருடம் வந்த படம் இது. வந்தேறி வெறுப்பைக் கண்டிக்க வந்த படமே ஒரு வந்தேறிக் கூட்டத்தை இப்படிக் காட்டியதை ‘கதைக்குத் தேவை’ என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

‘ஏலியன் நேஷன்’ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அடிமைகளாக வந்து இறங்கியவர்கள் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறுகிறார்கள். புளித்த பால் குடித்தால் அவர்களுக்குப் போதை, கடல்நீர் பட்டால் அமிலம் பட்டது போலச் சுடும். குடியேற்ற அதிகாரிகள் விளையாட்டாகப் பெயர் சூட்டிவிட, ஒருவருக்கு ‘சாம் ஃபிரான்சிஸ்கோ’ என்றே பெயர்! வந்தவனின் பெயரில்கூட அவமானத்தை ஒட்டி அனுப்பும் அரசாங்கத்தை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய படம் குறைவு. ஆனால் கதை சீக்கிரமே இரண்டு போலீஸ்காரர்கள் போதைப்பொருள் கும்பலைத் துரத்துவதாகிவிடுகிறது. கெட்டவர்களும் வேற்றுகிரகவாசிகளே. நல்லவன் காக்கிப் பக்கம் நின்று தன்னை நிரூபித்தால் மரியாதை கிடைக்கும் என்கிற பழைய நிபந்தனைதான் மிஞ்சுகிறது.

‘தி பிரதர்’ வேறு வழியில் போகிறது. செலவு சுமார் 3.5 லட்சம் டாலர்தான். ‘டிஸ்ட்ரிக்ட் 9’-க்கு ஆனது 3 கோடி. தப்பி வந்த அடிமை ஒருவன் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் விழுந்து, அந்நகரின் கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெமுக்கு வந்து சேர்கிறான். ஜோ மார்ட்டன் அந்த வேடத்தில் படம் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பாதத்தில் மூன்று விரல்கள் என்பதைத் தவிர, பார்த்தால் அவன் ஒரு கறுப்பின மனிதன். அங்கே ஒரு மதுக்கடையில் இருப்பவர்கள் அவனுக்குத் தங்க இடமும் வேலையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். அவனைப் பிடிக்க வருகிற இருவர் வெள்ளையர்கள்.

நியூயார்க் சுரங்கப்பாதையின் ‘ஏ’ ரயிலில் வரும் காட்சி ஒன்று போதும். ஒரு வெள்ளைக்கார இளைஞன் அவனுக்குச் சீட்டுக்கட்டு வித்தை காட்டிவிட்டு, இங்கிருக்கும் வெள்ளையர்கள் எல்லாரையும் மறைய வைக்கட்டுமா என்கிறான். 59-ஆவது தெரு நிறுத்தம் வருகிறது. அடுத்தது நேராக 125-ஆவது தெரு, அதாவது ஹார்லெம். வெள்ளையர்கள் எல்லாரும் இறங்கிவிடுகிறார்கள், அந்த இளைஞனும்தான். முள்வேலியோ அரசாணையோ தேவைப்படாமல் ஒரு நகரம் இரண்டாகப் பிரிந்திருப்பது அந்த ஒரு நிறுத்தத்தில் தெரிந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. படம் மெதுவாக நகரும், கதை அங்கங்கே தொங்கும். ஆனால் மற்ற இரண்டிலும் வேற்றுகிரகவாசி அருவருப்பாகவோ விசித்திரமாகவோ இருப்பதால், ‘அவர்கள் நிஜமாகவே வேறு மாதிரிதானே’ என்று சொல்லித் தப்பிக்க நமக்கு ஒரு வழி இருக்கிறது. செய்ல்ஸ் அந்த வழியை அடைத்துவிட்டார்.

எனவே என் ஓட்டு ‘தி பிரதர்’ படத்துக்கே. மூன்றையும் பார்க்க நேரம் இருப்பவர்கள் ‘டிஸ்ட்ரிக்ட் 9’-ஐ முதலில் பார்த்துவிடுங்கள். அதன் வேகத்துக்குப் பிறகும் மார்ட்டனின் பேசாத முகம் கண்ணைக் கட்டி இழுக்கும், நேர்மாறாகப் பார்த்தால் விக்கஸின் துப்பாக்கிச் சண்டைகள் வெறும் இரைச்சலாகிவிடும்.